வாப்பா விமானம் மாறிய ஊர்

கனடாவில் இருக்கும் என் மகள் போன வாரம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அவளிடம் போய்வர எனக்கு டிக்கெட் எடுக்கிறாளாம். நடுவில் ஐரோப்பாவில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். பாரிஸா, பிராங்ஃபர்ட்டா, ஆம்ஸ்டர்டாமா, எது உங்களுக்கு வசதி உம்மா என்றாள். எதில் நடை குறைவு, எதில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், எதில் தொழுவதற்கு இடம் உண்டு என்பதையெல்லாம் அவளே விசாரித்து வைத்திருந்தாள். "ரோம் இல்லையா?" என்று கேட்டேன். "அது சுத்து வழி உம்மா" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். ரோமை ஒரு தடவை நான் தெரிவு செய்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது, பயணம் போனதும் நான் அல்ல.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், கடல் இரைவது கேட்கும் தூரத்தில் இருந்தது. எங்கள் வீடு என்றால் உம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணம் முடிக்கிற மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். பாலமுனையில் பிறந்த என் வாப்பாவும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். கல்முனையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். உம்மா காய்ச்சலில் மௌத்தான பிறகு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும் வரை வாப்பா அந்த வீட்டில் இருந்தார். மறுநாள் அதே தகரப் பெட்டியோடு பாலமுனையில் தன் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் போய்விட்டார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. மனைவி இல்லாத வீட்டில், அதுவும் உம்மாவின் தங்கை, கலியாணம் ஆகாத சாச்சி இருக்கிற வீட்டில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. வாப்பா பயணம் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சாச்சியும் நானும்தான். உம்மாவின் தம்பியான மாமா பக்கத்துத் தெருவில் மாமியின் வீட்டில் இருந்தார். ஆனால் எங்கள் வீட்டு அதிகாரம் அவரிடம் இருந்தது. தினமும் காலையில் வந்து தேங்காயை எண்ணுவது போல எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். சாச்சி நல்லவர். தலை பின்னி விடுவார், மீனில் முள் எடுத்துத் தருவார். என்னோடு கதைக்கத்தான் அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரங்களில் அவர் பன் புல்லில் பாய் இழைத்துக்கொண்டிருப்பார், நான் கிணற்றடியில் வாளியோடு கதைத்துக்கொண்டிருப்பேன். வாளி சொல்வது போல உம்மாவின் குரலில் நானே பதிலும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வாப்பா சைக்கிளில் வருவார். நான் சாப்பிடாமல் வாசல் கடப்பில் குந்தியிருப்பேன். வந்தால் முன் விறாந்தைக் கதிரையில் அமர்வார். அதைத் தாண்டி உள்ளே வரமாட்டார். உம்மா இருந்தபோது அவர் நெளிந்த எனாமல் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார், அது அவருடைய கோப்பை. இப்போது பூப்போட்ட பீங்கான் கோப்பையும் சோசரும் வந்தன. வீட்டுக்கு வரும் ஆட்களுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த கோப்பை அது. முன்பெல்லாம் வாப்பாவின் எதிரில் நின்று வாயாடிய சாச்சி, இப்போது கதவுக்குப் பின்னால் நின்று என் வாயால் கதைத்தார். "சீனி காணுமா எண்டு வாப்பாட்டக் கேளு" என்பார். சீனி போதுமா என்று நான் கேட்பேன். "காணும் எண்டு செல்லுங்க" என்பார் வாப்பா. இருவருக்கும் நடுவில் ஒரு கதவுப் பலகைதான் இருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு ஒரே ஆசைதான். வாப்பா எழும்பும்போது, "வாங்க மகள், சைக்கிள்ள ஏறுங்க" என்று சொல்ல வேண்டும். நான் பின்னால் ஏறி, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிந்தவூர் தாண்டி, அட்டாளைச்சேனை தாண்டிப் பாலமுனைக்குப் போக வேண்டும். அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரியவர்களாகச் சொல்ல வேண்டியதைப் பிள்ளை கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் வாப்பாவுக்குச் சீமைப் பயணம் சரிவந்தது. இங்கிலாந்தில் இரண்டு வருடம் ஆசிரியப் படிப்பு. எங்கள் ஊரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கப்பலில் போனார்கள். ஆகாயத்தில் போகப்போகிற முதல் ஆள் வாப்பா என்பதால் ஊர் முழுக்க அவருக்குப் புத்தி சொன்னது. கொழும்பில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவர்கள், ஐரோப்பாவில் மூன்று இடங்களில் எதிலும் விமானம் மாறலாம், விருப்பமானதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ரோம், சூரிச், பாரிஸ்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பா பள்ளிக்கூடத்து அட்லஸோடு வந்தார். ஆனால் அதைத் திறக்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக மாமா அவரை உள்ளே அழைத்துப் போய் அறைக் கதவைச் சாத்தினார். நான் விறாந்தையில் அட்லஸுக்குக் காவல் இருந்தேன். உள்ளே குரல் உயரவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா சிரித்த முகத்தோடு முதலில் வந்தார், வாப்பா பின்னால் வந்தார்.

மாமா உடனே பயண விஷயத்துக்கு வந்துவிட்டார். "சூரிச்சுல இறங்குங்க மச்சான். கைமணிக்கூடு அங்கதான் மலிவு." மட்டக்களப்புக்கு அப்பால் ஒரே ஒரு தடவை கொழும்புக்குப் போய், வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தவர் அவர். சுவிட்சர்லாந்தின் கடைத்தெரு அவருக்கு உள்ளங்கை போலத் தெரிந்திருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து சாச்சி என்னைக் கூப்பிட்டார். "பாரிசுல சென்ட் நல்லமாம் எண்டு சும்மா செல்லு. நான் செல்லச் சென்ன எண்டு செல்லாத." நான் அப்படியே முழுவதையும் சொன்னேன். மாமா சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. அட்லஸை என் மடியில் விரித்து வைத்தார்.

"எல்லாரும் செல்லிட்டாங்க. நீங்க செல்லுங்க மகள். நீங்க எந்த ஊரச் செல்றீங்களோ அதுலதான் வாப்பா இறங்குவன்."

உம்மா மௌத்தான பிறகு என்னிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. சோறு போதுமா என்று கூடக் கேட்கமாட்டார்கள், போட்டுவிடுவார்கள். நான் அட்லஸைப் பார்த்தேன். மூன்று ஊரும் மூன்று புள்ளி. இடிந்த மாளிகை, மணிக்கூடு, இரும்புக் கோபுரம் என்று வாப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அதிலொன்றும் மனம் போகவில்லை. எனக்குக் கல்முனைச் சந்தி ஞாபகம் வந்தது.

உம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாட்களில் ஒருநாள் வாப்பா மட்டக்களப்புக் கல்விக் கந்தோருக்கு ஓர் அலுவலாகப் போகவென்று காலையில் வெளிக்கிட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். கந்தோருக்குப் போன மனிசன் என்னத்துக்குத் திரும்பி வந்த என்று உம்மா படுத்தபடியே கேட்டார். "சந்தியில பஸ்ஸுக்குள்ள ஏறித்தான் இருந்த நான். எதிரால நம்மட ஊருக்கு வாற பஸ் வந்து நிண்டிச்சு. இறங்கி அதுல ஏறிட்டன்" என்றார் வாப்பா. காய்ச்சலிலும் உம்மா அன்று அப்படிச் சிரித்தார்.

ஆகவே நான் கேட்டேன். "எந்த ஊர்ல போற பிளேனும் வாற பிளேனும் கிட்டக்கிட்ட நிக்கும் வாப்பா?"

வாப்பா அட்லஸைத் தன் பக்கம் திருப்பினார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அதுவரை விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்த மனிதர், அட்லஸில் விரலை வைத்துத் தேடினார். "ரோமிலதான் மகள்" என்றார்.

"அப்ப ரோம்" என்றேன்.

உள்ளே அன்று என்ன நடந்தது என்பதைச் சாச்சி வெகுகாலம் கழித்து, எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு சொன்னார். என்னைத் தன்னிடம் தரும்படி கேட்கத்தான் வாப்பா போயிருக்கிறார். தான் வரும் வரை பாலமுனையில் ராத்தாவிடம் விட்டுவிட்டு, வந்ததும் ஒரு வீடு எடுத்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றாராம். பெண்பிள்ளையைத் தாய்வீட்டிலிருந்து எடுத்து வாப்பாவின் ஊருக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் குடியில் இல்லை என்று மாமா சொல்லியிருக்கிறார். சண்டை பிடிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாராம். வாப்பா இன்னொரு தடவை கேட்டாராம். மாமா இன்னொரு தடவை மரியாதையாகச் சொன்னாராம்.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்துக்கு வாப்பா வெளிக்கிட்ட நாளன்று சந்திக்குக்கூட என்னைக் கூட்டிப்போகவில்லை. அதற்குப் பிறகு நான் கடப்பில் குந்தியிருந்தேன், வெள்ளிக்கிழமைகளில் மட்டுமல்ல. பெரிய தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் ஓடுவேன். ரோமில் வாப்பா இறங்கியிருப்பார், எதிரால் நம்மட ஊருக்கு வாற பிளேன் வந்து நின்றிருக்கும், இறங்கி அதில் ஏறியிருப்பார் என்று ஒரு கணக்கு. சாச்சியிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. பிறகு லண்டனிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தேன் என்று கடிதம் வந்தது. மாமா சந்தோஷத்தில் ஒரு குலை வாழைப்பழம் வாங்கி, ஓதி, தெருவுக்கே பங்கிட்டார். என் பழத்தை நான் வேலிக்கு அப்பால் எறிந்தேன். வாப்பா ரோமைத் தாண்டிவிட்டார் என்பதற்காக ஏன் எல்லோரும் பழம் தின்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வாப்பா வந்தார். அதே விறாந்தை, அதே கதிரை. பூப்போட்ட கோப்பை வந்தது. மாமாவுக்கு ஒரு கைமணிக்கூடு, சாச்சிக்கு ஒரு சென்ட் போத்தல். இரண்டும் லண்டனில் வாங்கியவை. மணிக்கூடு சூரிச்சில் வாங்கியது என்றுதான் மாமா கடைசி வரை ஊருக்குச் சொன்னார். எனக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை. எங்கள் வெயிலுக்கு அதைப் போட முடியாது, அளவும் சிறிது. என்னை அவர் போனபோது விட்டுப்போன அளவிலேயே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லோரும் உள்ளே போன பிறகு நான் அவர் கதிரையோடு ஒட்டி நின்றேன்.

"ரோம்ல இஞ்சால வாற பிளேன் நிண்டதா வாப்பா?"

"ஓம் மகள். கிட்டத்தான் நிண்டது. ஏணி கூட வெச்சிருந்தாங்க."

"அப்ப என்னத்துக்கு ஏறல்ல?"

வாப்பா கோப்பையைச் சோசரில் வைத்தார். அது சத்தம் போடாதபடி மெதுவாக வைத்தார்.

"ஏறி வந்தா நான் எங்க மகள் இறங்கிற?"

சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவருக்கு இது கூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இரண்டு வருடமும், வாப்பா என்னிடம் விட்டுப்போன அட்லஸில் நான் பார்க்காத இடமில்லை.

"இரத்மலானையில வாப்பா" என்றேன்.

"ஓம், இரத்மலானையில" என்றார் வாப்பா. சரியான பதில் சொல்லிவிட்ட பெருமையில் நான் கோப்பையையும் சோசரையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.