யாரும் மாடி ஏறாத சனிக்கிழமை

எங்கள் செங்கல் ஊரிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போனவர்கள் என் வகுப்பில் நிறையப் பேர் உண்டு. கையால் சுற்றி ஓட்டும் முச்சக்கர வண்டியின் பின்னால் நின்றபடி, இறக்கத்தில் காதுக்குள் காற்று இரைய இரையப் போனவள் நான் ஒருத்திதான். அன்று முன்னால் நான்கு வண்டிகள், பின்னால் இரண்டு வண்டிகள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கத்தியைக் கையில் பிடித்தபடி வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். உற்சவத்தில் யானை போவதைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் வண்டியை ஓட்டியது சித்தி, அம்மாவின் தங்கை. இரண்டு வயதில் போலியோ வந்து அவள் கால்கள் மெலிந்துபோயின. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணவீடு என்று எங்கே படி இருந்தாலும் அப்பா குனிவார், சித்தி அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

வண்டி கிடைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் வாசகசாலைக்கு அவளே போகத் தொடங்கினாள். அவளைப் போன்றவர்கள் பத்துப் பேர் அங்கே கூடுவார்கள். கூட்டியவர் லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு மாமன். அவருக்குக் கண் தெரியாது. பக்கத்து ஊர் காரோட்டிலிருந்து, இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி ஒரு தையல்கார அக்கா வருவாள். கழன்ற செயினை மாட்டுவது, மனு எழுதுவது என்று ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அதிலெல்லாம் ருசி இல்லை. நான் போனது அவர்கள் போட்டுப் பழகும் நாடகத்தைப் பார்க்க. அதில் லாட்டரி மாமன் ஆபீசர் ஆகிவிடுவார். ஒவ்வொருவரும் அவர் முன்னால் போய்த் தம் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

"வீட்டுல வேற ஆளு ஒண்ணும் இல்லியா? அவனைக் கூட்டிட்டு வா, போ" என்று மாமன் உறுமுவார். தையல்கார அக்காவுக்கு முதலில் குரலே எழும்பாது. எழும்பும்வரை விடமாட்டார்கள். சித்தி மட்டும் ஒரே மூச்சில் சொல்லுவாள்: "எனக்கு டெலிபோன் பூத் வேணும். நடத்த எனக்குத் தெரியும்." எல்லாரும் கைதட்டுவார்கள். நான்தான் அதிகம் தட்டுவேன்.

பூத்துக்கு மனுப் போட டாக்டர்கள் தரும் ஊனச் சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்கான முகாம் நெய்யாற்றின்கரையில், ஓணப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அப்படித்தான் ஏழு வண்டிகளும் கிளம்பின. மாமனும் அக்காவும் மற்றவர்களும் பஸ்ஸில் வந்தார்கள். அப்பா சைக்கிளில் வந்தார்.

போய்ப் பார்த்தால் முகாம் ஒரு பழைய மண்டபத்தின் மாடியில். படிகள் செங்குத்தாக ஏறின. உதவிக்கு நின்றவர்கள், ஆட்களை ஒவ்வொருவராகத் தூக்கி வரச் சொன்னார்கள். அப்பா வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

சித்தி கையை நீட்டவில்லை. "வேண்டாம் அத்தான். இன்னைக்கு நாங்க யாரும் மேல ஏறல்ல. டாக்டர்மாரு இங்க வரட்டு."

அப்பா நீட்டிய கைகளோடு அப்படியே நின்றார். லாட்டரி மாமனுக்குக் கால்கள் நல்ல கால்கள். தடியைத் தட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் ஏறிவிடலாம். அவர் முதல் படியில் உட்கார்ந்து, "எனக்கும் ஏற மாட்டாது" என்று தடியை மடியில் வைத்துக்கொண்டார். மேலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, இப்போது வராதவர்களின் பெயரை வெட்டிவிடுவோம் என்றார். தையல்கார அக்காவுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளும் மாமன் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

அப்போது சித்தி வண்டியின் மணியை அடித்தாள். அடுத்த வண்டி அடித்தது. பிறகு ஏழும் சேர்ந்து அடித்தன. தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர் சாயாக்கடை முழுக்க வெளியே வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. சித்தி அலுத்துக் கையை எடுத்தபோது மணியை நான் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா இறங்கி வந்தார். நடுப்படியில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மேலே திரும்பி, மேஜைகளைக் கீழே கொண்டுவரச் சொன்னார். நாங்கள் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. சித்தியைத் தூக்க வந்த அப்பா, முதல் மேஜையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

சித்தியின் முறை வந்தது. நான் அவள் பக்கத்தில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவருடெ பேரெந்தா மோளே?" என்று கேட்டார். அத்தனை கூட்டத்தில் ஒரு சார் என்னிடம் கேட்டதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். எப்போது போலியோ வந்தது, எதுவரை படித்தாள், எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாவற்றையும் தங்குதடையில்லாமல் மலையாளத்திலேயே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"சாரே" என்றாள் சித்தி. "ஆளு நானாக்கும். இந்தப் பேப்பரைக் கிழிச்சிட்டு வேற ஒண்ணு எடுக்கணும். முதல்ல இருந்து என்கிட்டக் கேளுங்க."

கிளார்க்கின் பேனா நின்றது. டாக்டரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். கிளார்க் தாளைக் கிழித்தார். வேறொன்றை எடுத்து, சித்தியின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்.

சர்ட்டிபிகேட் அன்றே கிடைத்தது. அடுத்த ஓணத்துக்குள் பாறசாலையில் பூத்தும் வந்தது. அதெல்லாம் சரி. ஆனால் அன்று அந்த மேஜைப் பக்கத்தில் எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவிடம் ஓடிப்போய், நான் சொன்னதில் ஒன்றுகூடப் பிழை இல்லையே என்று முறையிட்டேன்.

"மிண்டாத நில்லு மக்கா. அவ பேசட்டு" என்றார் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டு கவனித்துக் கேட்டேன். பெயர், வயது, படிப்பு, எல்லாம் நான் சொன்னதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. பிறகு எதற்காக ஒரு நல்ல தாளைக் கிழிக்க வைத்தாள் என்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.