மோதுவதற்கு ஒரு பங்காளி: எடப்பாடியிலிருந்து மோகனூர் வரை

எடப்பாடியிலிருந்து மோகனூர் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று மூன்று ஊரைத் தாண்ட வேண்டும். விடிந்ததும் கிளம்பியிருந்தால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். நாங்கள் கிளம்பியபோது மணி எட்டரை. மதியம் ஒரு மணிக்குள் காரியம் முடிய வேண்டும். முடியாவிட்டால் என் அக்கா மகள் தாரணிக்கு அணியில் இடம் போய்விடும்.

காரியம் என்னவென்றால், ஒரு ஆள் பந்தோடு எதிரே ஓடி வர வேண்டும். தாரணி வலது தோளால் அந்த ஆளை இடித்துக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். மூன்று தடவை. அதை வீடியோ எடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டும். கேட்கிற உங்களுக்கே இப்படி இருக்கிறதே, கூட்டிக்கொண்டு போன எனக்கு எப்படி இருந்திருக்கும்?

தாரணிக்கு இருபது வயது. பிறந்து வளர்ந்தது பிரிஸ்பேன் நகரத்தில். அங்கே ரக்பி லீக் என்று ஒரு விளையாட்டு. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும். பந்தை வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் எறிந்தால் பின்பக்கம்தான் எறிய வேண்டும். ஓடுகிறவரை எதிராளிகள் சாய்ப்பார்கள். ஆறாவது தடவை சாய்ந்தால் பந்து கை மாறிவிடும். இதில் அந்த மாநிலத்துப் பெண்கள் அணிக்கு இவள் பெயர் அடிபடுகிறது. போன வருஷம் வலது தோள் மூட்டு நழுவி, பல மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தாள். டாக்டர் இப்போது ஆடலாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சியாளர் அம்மாவுக்கு மட்டும் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. தாரணியோ என் மகள் கல்யாணத்துக்கு வந்தே தீருவேன் என்று இங்கே வந்துவிட்டாள். சரி, அங்கிருந்தே காட்டு, அன்று சாயங்காலம் பேர் வாசிப்பதற்குள் அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு மதியம் ஒரு மணி.

இதை அன்று காலை வரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் பயப்படுவேனாம்.

காலையில் எடப்பாடியிலேயே முடித்திருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் என் மகன் கோகுல் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றான். தாரணி நாலடி பின்னால் போனாள். அந்த நேரம் பார்த்து, எதிர்ச் சந்தில் தறி வைத்திருக்கும் பழனியப்பன் மொபெட்டை நிறுத்தினார்.

"ஏனுங்க, இப்பத்தான் ஒரு கல்யாணம் முடிஞ்சுது. அடுத்ததுக்கு மாப்பிள்ளைய இப்பவே கீழ தள்ளிப் பழக்கறீங்களா?"

தலையணையை அவிழ்க்கச் சொன்னேன். கோகுல் அவளுக்கு முறைப்பையன். இவள் கட்டிப் பிடித்து அவனோடு தரையில் உருண்டால், பத்து மணிக்குள் எடப்பாடி முழுக்கத் தேதி குறித்துவிடுவார்கள். உடனே பிரிஸ்பேனில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டா, அறிவிருக்குதா உனக்கு? முறைப்பையனையா நிறுத்துவே? தாரணி அப்பன் பங்காளி ஊட்டுல ஆளில்லையா? மோகனூர்ல செந்தில் இருக்கறான். அண்ணன் முறை. அவன்கிட்டக் கூட்டிட்டுப் போ. புள்ள தோளு பத்திரம்!"

இடிக்கவும் வேண்டும், தோளும் பத்திரமாக இருக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கோகுல் கார் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். சங்ககிரியில் லாரிகள் வரிசையாக நின்று இருபது நிமிஷம் போயிற்று. தாரணி பின்சீட்டில் ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துத் தோளுக்குப் பயிற்சி செய்தாள். பட்டை அறுந்து கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அறுந்துராது மாமா என்றாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு தடவை கேட்டேன் என்று கோகுல் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அவ்வளவு இல்லை.

திருச்செங்கோட்டில் டீசல் போட நின்றோம். அங்கே பார்த்து எனக்குத் தெரிந்த, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர். விஷயத்தைச் சொல்லியிருக்கவே கூடாது, வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுக்கா மோகனூரு போறீங்க? நம்ம ரிக்குல ஆறு பேரு வடநாட்டுப் பசங்க இருக்கறாங்க. போர்வெல் பைப்பையே தோள்ல தூக்கறவங்க. வரிசையா நிறுத்தறேன், புள்ள சாச்சுட்டுப் போகட்டும். முறை கிறை ஒண்ணும் தொந்தரவில்லைங்க."

"முறையில்லாட்டிப் பரவால்லீங்க, முகமாவது தெரிய வேண்டாமா?" என்றேன்.

"அப்ப நீங்களே நில்லுங்க. தாய்மாமன்தானுங்களே."

"என்னைச் சாச்சா நான் எந்திரிக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். தாரணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

நாமக்கல் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். பசி என்றாள். முட்டை ஊருக்கு வந்துவிட்டோமே என்று பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் நிறுத்தினேன். அவித்த முட்டை ஒன்று பத்து ரூபாய். ஆறு முட்டை வாங்கி வெள்ளைக் கருவை மட்டும் தின்றுவிட்டு, மஞ்சளை எல்லாம் தட்டில் ஒதுக்கினாள். கடைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சக்கரு என்ன சாமி பாவம் பண்ணுச்சு?"

"மேட்சுக்கு முன்னால வேண்டாமுங்க."

"என்ன மேட்ச்சு?"

கோகுல் வாயைத் திறந்தான், நான் அவன் காலை மிதித்தேன். இங்கேயும் கதை சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி ஆகிவிடும். ஒதுக்கிய மஞ்சளை நானும் கோகுலும் தின்று தீர்த்தோம்.

நாமக்கல்லிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். செந்தில் வீடு மோகனூருக்குக் கொஞ்சம் தள்ளிக் காவிரிக் கரைப் பக்கம். போய் இறங்கும்போது பதினொன்றரை. காரியம் அவசரம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். என்ன பிரயோசனம்? முதல் தடவையாக வீட்டுக்கு வந்த பங்காளி வீட்டுப் பெண். ஆரத்தி எடுத்தார்கள். இளநீர் வந்தது, பிறகு முறுக்கு வந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஆளைக் கிளப்பி வயலுக்குக் கொண்டுபோக முடிந்தது.

வயல் நல்ல வயல். கரும்பு வெட்டிக் கட்டையையும் பிடுங்கி உழுது போட்டிருந்தார்கள். மண் பொலபொலவென்று இருந்தது. பெரிய மண்கட்டிகளை மட்டும் நான் பொறுக்கிப் பொறுக்கி வரப்பில் எறிந்தேன்.

செந்தில் ஆறடி உயரம். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், தொண்ணூறு கிலோ இருப்பான். இவனைப் போய் இந்தப் பெண் இடித்தால் என்ன ஆவாள்? வீண் கவலை. தாரணி பந்தை அவன் கையில் கொடுத்து, ஓடி வரச் சொன்னாள். ஓடி வந்தான். அவள் குனிந்து தோளைக் கொண்டுபோவதற்கு ஒரு கை தூரம் இருக்கும்போதே தானாக மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

"என்னாச்சுங்கண்ணா?"

"விழுந்துட்டனே சாமி."

"நான் தொடவே இல்லீங்களே!"

"உனக்கு எதுக்கு சிரமம்னுதான்."

இரண்டாவது தடவை உட்காராதே என்றோம். ஓடி வந்து நடுவில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்ததும் சட்டென்று விலகி, "பாத்து சாமி, பாத்து" என்று அவளைப் பிடித்து நிறுத்தினான். கோகுல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான்.

"மாப்பிள்ளை, எதுத்து வந்தாத்தானப்பா அவளுக்கு இடம் கிடைக்கும்!" என்று கத்தினேன்.

"அதெப்படீங்க மாமா முடியும்? சித்தப்பா புள்ள, அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த புள்ள. நாளைக்குத் தோளு போச்சுன்னா ஊரு என்னைத்தானே பேசும்?"

அவன் சொல்வது எனக்குப் புரிந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. மணி பன்னிரண்டு இருபது. எண்பது கிலோமீட்டர் வந்து, வாட்டசாட்டமான ஒரு ஆளைக் கண்டுபிடித்தால், அவன் மரியாதை கொடுத்தே எங்களைக் கவிழ்த்துவிட்டான். தாரணி இடுப்பில் கை வைத்து நின்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

அப்போது வரப்பிலிருந்து ஒரு குரல். செந்தில் மனைவி பூங்கொடி. சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மாட்டுக்குக் கொண்டுவந்த கரும்புத் தோகைச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நானெல்லாம் ஆளாத் தெரியலீங்களா?"

"நீ பொம்பளை…" என்று ஆரம்பித்தேன்.

"மாமா!" என்றாள் தாரணி. "எங்க டீம்ல எல்லாருமே பொம்பளைங்கதானுங்க!"

நான், கோகுல், அக்கா, ரிக் முதலாளி, செந்தில். இத்தனை பேரும் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். முறை பார்த்தோம், உறவு பார்த்தோம், எடை பார்த்தோம். பெண்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு பெண்ணைக் கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"உனக்காவது தோணக் கூடாதா?" என்று தாரணியைக் கேட்டேன்.

"இங்க இருக்கறவங்களக் கேட்டா தப்பா நெனப்பாங்கன்னு நெனச்சேன் மாமா."

பூங்கொடி சேலையைத் தூக்கிச் செருகினாள். பந்தைக் கக்கத்தில் இடுக்கினாள். "இவளத் தாண்டி அந்த வரப்புக்குப் போகணும். அவ்வளவுதானுங்களே?"

அவ்வளவுதான் என்றோம். ஓடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். நாத்தனார், விருந்தாளி, வெளிநாடு எதுவும் அவள் முகத்தில் இல்லை. தாரணி கடைசி நேரத்தில் உடம்பைத் திருப்பி இடது தோளைக் கொடுத்தாள். பூங்கொடி அவளை மல்லாத்திவிட்டு, வரப்பைத் தொட்டுத் திரும்பி வந்தாள்.

தாரணி மண்ணில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன்.

"போதும் சாமி. எந்திரி. ஊட்டுக்குப் போலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க!"

வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. தோளிலிருந்து கையை எடுக்காமலே, "வலிக்கலீங்க மாமா. பயமா இருக்குது" என்றாள். அந்தத் தோளில் ஆள் மோதி எட்டு மாதம் ஆகிறதாம். டாக்டர் சொல்லிவிட்டார், தோளும் சொல்லிவிட்டது, மனசு சொல்ல மாட்டேன் என்கிறதாம்.

பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. பூங்கொடி பந்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"மறுபடி வாரேன். நீ பயந்தாலும் வாரேன், பயப்படாட்டியும் வாரேன். நா நிக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

இந்தத் தடவை தாரணி திரும்பவில்லை. நெல் மூட்டையை லாரியிலிருந்து போட்டால் வருமே, அந்தச் சத்தம். இரண்டு பேரும் புழுதியில் கிடந்தார்கள். பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. வலது தோள்தான். நான் நன்றாகப் பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டு தடவை. கடைசித் தடவை பூங்கொடி படுத்தபடியே, "ஏனுங்க, இதுக்குச் சம்பளம் தருவாங்களா?" என்று கேட்டாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. வயலில் சிக்னல் இல்லை. கோகுல் மோட்டார் ரூம் மேல் ஏறி நின்று அனுப்பினான். வழுக்கி விழுந்துவிடுவான் என்று நான் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி அடிப்பதற்குள் போய்விட்டது.

சாப்பிடாமல் விடுவார்களா? நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். தாரணியும் பூங்கொடியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று போட்டி போட்டார்கள். செந்தில் பரிமாறினான். மூன்று மணிக்குக் கிளம்பினோம். நாமக்கல் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது செய்தி வந்தது. தாரணி படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"என்னாச்சு சாமி? சொல்லித் தொலையேன்."

"வந்துருச்சு மாமா. பதினாறாம் நம்பரு."

"பதிமூணு பேருதானே ஆடறது?"

"பதினேழு பேரு எடுப்பாங்க, மீதி நாலு பேரு வெளிய உக்காந்திருப்போமுங்க. ஆடறவங்க களைச்சுப்போனா உள்ள போவோம்."

"வெளிய உக்காரவா இத்தனை தூரம் அலைஞ்சோம்?"

கேட்டுவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். வெளியே உட்கார்ந்தால் அடிபடாது. அதையும் அவள் விடவில்லை. களைத்துப்போன நேரத்தில் புதிதாக உள்ளே போகிறவள்தான் இருப்பதிலேயே பலமாக இடிக்க வேண்டுமாம். அதற்குத்தான் பெஞ்சாம்.

நம் பக்கம் ஒருத்தி ஒருத்தர் மேல் மோத வேண்டுமென்றால் முறை பார்க்க வேண்டும், ஊர் வாய்க்குப் பயப்பட வேண்டும், இளநீர் குடிக்க வேண்டும். அவள் ஊரில் எதிரே வருகிறவள் பேர்கூடத் தெரியாதாம். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் ஊர் வழக்கமாக இருந்தால் அன்றைக்கு எனக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும், அது மட்டும் தெரிகிறது.

திருச்செங்கோடு மலை பின்னால் போனபோது திரும்பிப் பார்த்தேன். தாரணி தூங்கிவிட்டாள். வந்த நாளிலிருந்து இடது பக்கம் ஒருக்களித்தே படுத்தவள், இப்போது வலது தோளைக் கதவில் சாய்த்து, முழு எடையையும் அதன் மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். சாலை வேறு குண்டும் குழியுமாக இருந்தது. எழுப்பித் திரும்பிப் படுக்கச் சொல்லலாமா என்று சங்ககிரி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். எழுப்பவில்லை.