சாம்பல் திரையில் ஒரு கை

1998இல், தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் முன்பு, சூலியா தெருவில் ஒரு மாடியறையில் அவரைச் சந்தித்தேன். கல்யாண வீடியோக்களைக் கணினியில் எடிட் செய்பவர். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரை. படத்தை ஓடவிட்டதும் திரையைப் பார்க்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

“படம் வந்திருச்சான்னு உங்க மூஞ்சியே சொல்லிரும்லா.”

முந்தைய தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் எடுத்த காட்சியைக் குறுந்தட்டில் கொண்டுபோயிருந்தேன். இறந்துபோன அப்பா இருக்கும் ஒரே வீடியோ அது. திதிக்குள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார். ஆனால் எடிட்டிங் மென்பொருளில் குரல்கள் மட்டுமே வந்தன.

“படத்தைச் சுருக்கி விரிக்கிற புரோகிராம்தான் கோடெக். இதைச் சுருக்குனது வேற, இங்க இருக்கிறது வேற அண்ணே. மாத்திப் பாப்போம்.”

முதலில் போட்ட கோடெக்கில் திரை சாம்பலாக நின்றது. அசைந்தவை மட்டும் அதில் உருவம் பெற்றன: மோர் ஊற்றும் கைகள், நடக்கும் கால்கள். பிறகு ஓரத்திலிருந்து ஒரு கை எழுந்து என்னைப் பார்த்து ஆடியது. மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரம்.

“அப்பா கை காட்டுறாரு!” என்றேன். எடிட் செய்பவர் திரையின் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த கோடெக்கில் படம் தெளிவாக வந்தது. அதே ஓரத்தில் அப்பா, இரு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கடைசிவரை அசையவே இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

“எதை டேப்புல ஏத்தட்டும் அண்ணே?”

அம்மா கேட்டது முகத்தை. இருந்தும், “முதல்ல வந்ததை,” என்றேன்.

அப்போதும் அவர் திரையைப் பார்க்கவில்லை.

“எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க,” என்றார்.