புல் கூரையின் குளிர்ச்சி

செம்பாக்கத்தில் வாங்கிப் போட்ட மனையில் மண் சுவரும் புல் கூரையுமாகத்தான் வீடு கட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக நான் அடம்பிடிக்கிறேன். கான்கிரீட் வீடு போதும் என்கிறார் மனைவி.

அவரைச் சம்மதிக்க வைக்க, கடற்கரைச் சாலையில் பழைய கால வீடுகளைத் திறந்தவெளியில் கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு இன்று அழைத்துப் போனேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. புல் கூரை வேய்ந்த ஒரு மண் வீட்டின் கதவைத் திறந்ததும் உடம்பே சிலிர்த்தது.

வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன். "பாத்தியா, ஃபேன்கூட இல்ல. மண்ணு சூட்டை உள்ள விடாது. அந்தக் காலத்து ஆளுங்க மூளையே தனி."

முன்பின் தெரியாத நாலு பேர் நின்று கேட்டார்கள். எனக்குக் குரல் இன்னும் உயர்ந்தது.

காவலாளி வேகமாக வந்தார். "சார், உள்ள போய் பேசுங்க. கதவைத் தொறந்துகினு நின்னா ஏசி காத்தெல்லாம் வெளிய போவுது. பழைய புடவைங்க வச்சிகீறாங்க, கெட்டுப்பூடும்."

கதவுக்கு மேலே ஏசி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். "எனக்கு ஓகேங்க. அப்படியே இதே மாதிரி கட்டிடலாம். எதையும் விட்டுடாதீங்க" என்றார்.

தாம்பரம் பக்கம் கான்கிரீட் வீடு கட்டித்தர நல்ல இன்ஜினியர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மண் வீடு பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.