வாழைக்கன்று கட்டிய கம்பி

ஆரோக்கியசாமி அண்ணன் இறந்த செய்தி பெட்ரோல் பங்கில் நிற்கும்போது வந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா அக்காதான் பேசினார். "காலையில டீ குடிச்சிட்டு சாஞ்சவரு, எழுந்திரிக்கலம்மா." விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கார் வயரிங் பார்த்தவர். அவரிடம் வண்டி விட்ட உங்களுக்கெல்லாம் அவருடைய நிதானம் தெரியும். நான் அதைத் தெரிந்துகொண்டது ஒரு சிவப்பு விளக்கால்.

என் கணவருக்கு டயாலிசிஸ். புதுச்சேரிக்கு நான்தான் காரோட்டிக் கூட்டிப்போவேன். போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், கம்மாபுரம் தாண்டியதும் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிந்தது. தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் இறுகிவிடும். நின்றால் இவருக்கு மூச்சு முட்டும். முந்தைய முறை தவறியதில் ஏற்கெனவே கால் வீங்கியிருந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். "பயப்படாத" என்றார் இவர், பயந்த குரலில்.

ஹாரன் மாட்டிக்கொடுத்தவர் என்று அண்ணன் நம்பர் என்னிடம் இருந்தது. "ஆஃப் பண்ணிட்டு உக்காருங்கம்மா, வரேன்" என்றவர் பைக்கில் வந்து சேர்ந்தார். அதற்குள் ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "வெறும் வயரிங்கா இருக்கும், அடிச்சி ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "லைட்டு பொய் சொல்லுதுன்னு கடைசியாத்தாங்க சொல்லணும்."

ஆயில் குச்சியைத் துடைத்துப் பார்த்தார், அளவு சரி. கீழே ஒழுகல் இல்லை. ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கைப் போடும் சுவிட்சின் வயரைக் கழற்றினார். விளக்கு அணைந்திருக்க வேண்டும், அணையவில்லை. வயரில்தான் கோளாறு என்று எனக்கு உயிர் வந்தது. அவர் விடவில்லை. சுவிட்ச் இருந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். முள் நன்றாக ஏறியது. அதற்குப் பிறகுதான் வயரைத் தடவிக்கொண்டே போனார்.

கிரில்லுக்குப் பின்னால் கை நின்றது. பூஜையன்று வாழைக்கன்று சாயக் கூடாதென்று நான் முறுக்கிய கட்டுக்கம்பி. கன்றை மட்டும் வெட்டிப் போட்டிருந்தேன். கம்பி வயரின் தோலை அறுத்து, வண்டியின் பாடியோடு சேர்த்து விளக்கை எரிய வைத்திருந்தது.

"பூஜ போட்டீங்க, சரி. கம்பிய அவுக்கவும் நல்ல நேரம் பாக்கணுமா?" என்றபடி டேப் சுற்றினார். தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். எப்படியோ இவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் கடையில் அண்ணன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "என்னண்ணே?" என்றேன்.

"கேஸும்மா. நமக்கும் வயரிங் கோளாறு."

சிரித்தார். பாவி நானும் சிரித்துவிட்டு வந்தேன். கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்கிறாரே என்று எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கம்பித் துண்டு என் டேஷ்போர்டில் கிடக்கிறது. அதைவிட, அவர் விட்டுப்போன பயம் என்னிடம் இருக்கிறது. அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் இவர் தன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, தலகாணி சரியில்ல" என்றார். நான் கார் சாவியை எடுத்தேன். டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, தலையணைதான் என்றார். அதற்குப் பிறகுதான் நானும் தலையணை என்றேன்.