மஞ்சள் கயிறும் பால் காசும்

அம்மா தாலியைத் தானே கழற்றித் தம்பியின் இடுப்புத் துணிக்குள் முடிந்து வைத்த காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிறகு நெற்றியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். புருஷன் உயிரோடிருக்கும் ஒருத்தி செய்யக் கூடாத காரியம் அது என்பது எட்டு வயதுப் பெண்ணான எனக்கே தெரியும். "வீட்டுல வச்சிட்டுப் போக மனசு கேக்கல. இவன் உங்கப்பா ரத்தம். இவன் மேலயே இருக்கட்டும்," என்றாள்.

அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். நாங்கள் இருந்தது பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடிகூடப் போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். அந்தக் காட்டுக்குள்தான் அப்பா இருந்தார். தொழிற்சங்கத்தில் பேசினார் என்று போலீஸ் பிடிக்க வந்தபோது ஓடியவர், திரும்பவேயில்லை. அப்படி ஓடியவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றி விடுகிறார்கள் என்று பேச்சு. அதனால், குருண் ஊரில் பெரியப்பா வீட்டுக்குப் போன இடத்தில் அப்பா காய்ச்சலில் செத்துவிட்டதாகத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். அவர் அப்பாவின் சிநேகிதர்.

பயத்திலேயே அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. தம்பி கஞ்சித் தண்ணீரைக் குடிக்கவில்லை. அழவும் தெம்பில்லாமல் கிடந்தான். அப்பன் இல்லாத கைக்குழந்தைகளுக்கு டவுன் வெல்ஃபேர் ஆபீசில் மாதாமாதம் பால் காசு கொடுக்கிறார்கள் என்று கிராணிதான் சொன்னார். "பொட்டுகிட்டு இல்லாம போ தங்கச்சி. புருஷன் எங்கன்னு கேட்டா செத்துட்டாருன்னு ஒரே வார்த்தைலா. மேல எதுவும் பேசிடாத."

வேலிக் கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தார்கள். அரிசி ஒளித்திருக்கிறோமா என்று கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பாள். தம்பியின் துணியைத் தடவிய விரல்கள் அந்த முடிச்சில் நின்றன. அரிசி என்றுதான் நினைத்திருப்பாள். பிரித்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள், அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். எனக்கு நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. அவள் முடிச்சை முன்னைவிட இறுக்கமாகப் போட்டாள். "புள்ளைக்குப் பசி போலருக்கு. சீக்கிரம் போங்கக்கா," என்றாள்.

ஆபீசில் அதிகாரி நிமிராமலே, "புருஷன்?" என்றார்.

"செத்துட்டாருங்க."

குரலில் துளி நடுக்கமில்லை. வெளியே வந்து மரத்தடியில் அம்மா வாந்தியெடுத்தாள். மாதாமாதம் இதே கேள்வி, இதே பதில், இதே மரத்தடி. தம்பிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது, தவழ ஆரம்பித்தான். அவனுக்குப் பால் புகட்டும்போதெல்லாம் அம்மா, "நான் வாயால சொன்னது பலிச்சிடுமோ?" என்று என்னிடம் கேட்பாள். எனக்கென்ன தெரியும்? எனக்கும் அதே பயம்தான்.

இப்போது என் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அரசாங்கம் கொடுக்கும் குழந்தைப் பணம் வங்கிக்கே வந்துவிடுகிறது. "டுவிட் வந்துருச்சு ஆன்ட்டி!" என்று காசை மலாய்ச் சொல்லால் சொல்லி, கைப்பேசியைக் காட்டிச் சிரிக்கிறாள். நல்ல சேதிதான். ஆனாலும் என் கண் முதலில் அவள் கழுத்துக்குத்தான் போகிறது.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் லயத்துச் சனங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். காட்டில் சுடப்பட்ட மூன்று பேரைப் போலீஸ் நிலையத்து முன்னால் கிடத்தியிருந்தார்கள். நடுவில் அப்பா. வரிசையாக நடக்கவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஆள் யாரென்று கேட்டார்கள். கிராணி தெரியாது என்றார். பக்கத்து வீட்டு அக்கா தெரியாது என்றாள். அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள். "யாருன்னு தெரியலீங்க ஐயா," என்றாள். அவள் பிடித்திருந்த பிடியில் என் கை எலும்பு வலித்தது. லயத்துக்குத் திரும்பிய பிறகும் யாரும் வாய்விட்டு அழவில்லை. ஒப்பாரி வைத்தால் வேலிக்கு வெளியே கேட்டுவிடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா தம்பிக்குப் பால் கரைத்தாள்.

அந்த மாதமும் பால் காசு வாங்கப் போனோம்.

"புருஷன்?" என்றார் அதிகாரி, வழக்கம்போல நிமிராமல்.

"செத்துட்டாருங்க," என்ற அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக அம்மாவைச் சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.