ஐடாவின் நிலா என்ன பாவம் செய்தது?

காற்றடித்து உப்பவைத்த கோளரங்கக் கூடாரத்துக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து வானத்தைக் காட்டுவது என் தொழில். பிள்ளைகளால் இதுவரை ஒரு தொல்லையும் இல்லை, எல்லாம் பெரியவர்களால்தான். தாம்பரம் வட்டாரத்தில் பள்ளிக்கூட வாசல் ஏறி இறங்கிப் பிழைக்கிற அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வயிறெரியுங்கள்.

கைப்பிடி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. அதில் ஒன்று ஐடா. உருளைக்கிழங்கு மாதிரி கோணல், உடம்பெல்லாம் குழி. ஆனால் அந்தப் பாறைக்கும் ஒரு குட்டி நிலா உண்டு! இதைச் சொன்னதும் பிள்ளைகள் கூடாரமே அதிரக் கத்துவார்கள். தொட்டுத்தான் பார்க்கட்டுமே என்று திருமுடிவாக்கத்தில் தகடு வேலை செய்யும் தண்டபாணி அண்ணனிடம் படத்தைக் கொடுத்து ஒரு மாடல் செய்யச் சொன்னேன்.

வாங்கப் போனால் பகீரென்றது. குழியெல்லாம் பட்டி பார்த்து அடைத்து, பெயிண்ட் அடித்து, பூசணிக்காய் மாதிரி வழவழ. நிலாவையே காணோம். கம்பி நுனியில் ஒரு குண்டு வைக்கச் சொன்னேனே, எங்கே என்று கத்தினேன். "அது தூக்கறதுக்கு வெச்ச கைப்பிடின்னு நெனச்சு பசங்க அறுத்துட்டானுங்கோ மேடம். இப்பவே கெட்டியா வெச்சுத் தரேன். ஆனா அந்தக் குழி, டென்ட்டு மட்டும் கேக்காதீங்க, டென்ட்டு இருந்தா பீஸு ரிஜெக்ட்டு, எங்க பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

பெயர்ச்சி

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி. தொண்டை வற்றப் பேசி முடித்தேன். ஒரு ஆசிரியை மட்டும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். ஆஹா, ஒருத்தருக்காவது ஆர்வம் இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். அதுவும் சயின்ஸ் டீச்சர்!

"மேடம், ஒரு பர்சனல் டவுட். இந்த ஐடா எப்ப பெயர்ச்சி ஆகுது? எங்க வீட்டுக்காரருக்குக் கன்னி ராசி."

புத்தகத்தில் இல்லாத நிலா

சேலையூர் பக்கம் ஒரு தாளாளர். மூன்று கிளைகளிலும் வருஷம் முழுக்க ஷோ தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் கூடாரத்தோடு பிழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு டியூஷன் எடுக்க வேண்டியதுதான். மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாறைக்கு நிலாவா? புக்ல இல்லையே. பசங்க பரீட்சையில எழுதித் தொலைச்சா மார்க் போயிடும். அதை மட்டும் கழட்டிடுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்கலம் போய்ப் படம் எடுத்த நிலா சார், கழட்ட மாட்டேன் என்றேன்.

"ஒரு குண்டுதானே மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!"

இழுத்த இழுப்பு

நான் அசையவில்லை. அவரே நிலாவைப் பிடித்து இழுத்தார். தண்டபாணி அண்ணன் கெட்டியாக வைத்த வெல்டிங், வருமா? ஐடாவே மேசையை விட்டுக் கிளம்பி, டமாலென்று விழுந்து, அறைக்கு வெளியே ஓடி மாடிப்படியில் கடகடவென்று உருண்டது. தாளாளர் என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார். கெடுத்தது அவர், வெளியே போக வேண்டியது நானாம்! மூன்று கிளையும் போச்சு, கூடாரமும் போச்சு.

ஆட்டோவில் ஏற்றும்போதுதான் வெயிலில் சரியாகப் பார்த்தேன். பட்டியெல்லாம் பெயர்ந்து, உடம்பெல்லாம் குழி, ஒரு பக்கம் கோணல். படத்தில் இருக்கிற அதே ஐடா! நிலா மட்டும் கம்பி நுனியில் அலுங்காமல் நின்றது. நான் கேட்டது இதைத்தானய்யா என்று சொல்லிக் காட்டவே நேராகத் திருமுடிவாக்கம் போனேன். தண்டபாணி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, எவன் மேடம் இப்டிப் பண்ணது? கொஞ்சம் குந்துங்க, பட்டி பாத்து பளபளன்னு குடுத்துடறேன்!"

ஐடாவின் நிலாவைப் பிடித்து வைத்திருப்பது ஈர்ப்பு விசை என்று பிள்ளைகளுக்கு இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தேன். நம்ம ஊரில் அதற்குத் திருமுடிவாக்கம் வெல்டிங்தான் வேண்டியிருக்கிறது.